வருஷம் பிறக்காத பெட்டி

கீழ்நெல்லிப்பட்டில் மங்கம்மாளைப் பார்த்து யாரும் நலம் விசாரிப்பதில்லை. ரேஷன் கடையில் பார்த்தாலும், சாமை அறுக்கிற காட்டில் பார்த்தாலும், எழவு வீட்டில் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "முள்ளு எங்க நிக்குது?" பச்சை என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மஞ்சள் என்றால் ஒருமுறை மேல்காட்டைப் பார்ப்பார்கள். சிவப்பு என்று அவள் வாயால் சொல்லவேண்டி வராது. அதற்குள் சங்கு ஊதியிருக்கும்.

ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் செம்பாறை ஓடை. அதன்மேல் கைப்பிடிச் சுவரில்லாத ஒரு தரைப்பாலம். போளூர் ஜீப்பும், ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சியும், புளி மூட்டை ஏற்றிய வண்டியும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஓடைக்குச் சூது அதிகம். ஊரில் வெயில் காயும்போதே, எங்கோ மேல்காட்டில் பெய்த மழை கல்லை உருட்டிக்கொண்டு வந்துசேரும். கணுக்கால் தண்ணீர்தானே என்று பாலத்தில் இறங்கியவன் நடுவில் போவதற்குள் அது இடுப்பைப் பிடித்துவிடும். அப்படித்தான் ஒரு முகூர்த்த நாளில் பெண்ணழைத்து வந்த ஜீப்பு ஒன்று ஆட்களோடு போயிற்று. அதன் கதவு ஒன்று மட்டும் வெகுதூரம் தள்ளிக் கிடைத்தது. ஊரில் ஒரு வீட்டில் இப்போதும் அது கோழிக்கூண்டுக்கு மூடியாக இருக்கிறது. அந்தக் கோழிகளின் முட்டையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை.

அதற்குப் பிறகு நகரத்து அறக்கட்டளை ஒன்று வந்தது. மேல்காட்டில் ஓடை குறுகுகிற இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் நட்டார்கள். கம்பத்தோடு ஒரு குழாய். குழாய்க்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏற மிதவை ஏறும். அந்த அளவு காற்றுவழியே ஊராட்சிக் கட்டடத்தின் பக்கத்து அறையிலிருந்த கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டே இருக்கும். கம்பத்தில் ஏறிய வெள்ளம் பாலத்துக்கு வர, உலையில் போட்ட அரிசி வேகிற நேரமாவது பிடிக்கும். அந்த அவகாசத்தில்தான் ஊரின் உயிர் இருந்தது.

எழுத்துத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும் என்று அறக்கட்டளைப் பொறியாளர் திரையில் ஒரு வட்டம் வரைந்து கொடுத்தார். பைக்கில் வேகம் காட்டுகிற வட்டம் போல. பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவில் கறுப்பு முள். முள் சிவப்பைத் தொட்டால் கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். அந்த முள்ளை ஆடவைத்தது ஃப்ளாஷ் பிளேயர் என்ற சங்கதி. இணையப் பக்கத்தில் ஒரு படம் அசையவேண்டும், ஒரு பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் உலகம் முழுவதும் ஒரு காலத்தில் அதைத்தான் நம்பியிருந்தது. கீழ்நெல்லிப்பட்டில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மனிதன் தன் உயிரை எதனிடம் கொடுத்துவைத்திருக்கிறான் என்பது பெரும்பாலும் அது கைவிட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது.

பெட்டிக்குக் காவல் என்று மங்கம்மாளின் புருஷன் ஆனந்தனை வைத்தார்கள். மங்கம்மாள் பக்கத்து மலையூரில் பிறந்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவதுவரை படித்தாள். மேலே படிக்கப் போளூருக்கு அனுப்ப வீட்டில் மனசில்லை. கல்யாணமாகி இங்கே வந்து சாமைக் கொல்லையும் புளியமரமும் பார்த்தாள். நதியா என்று ஒரே பெண்ணைப் பெற்றாள். ஆனந்தனுக்குத் தூக்கில் சோறு கொண்டுபோவாள். அவன் சாப்பிடுகிறவரை அவனுடைய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள்.

பெட்டிக்கு ஒரு குறை இருந்தது. உள்ளேயிருந்த சின்ன பேட்டரி செத்துப்போய், அணைத்து எழுப்பினால் அதற்கு நாள் கிழமை மறந்துவிடும். காலையில் திறந்தவுடன் தேதி, மாதம், வருஷம் மூன்றையும் கையால் அடிக்கவேண்டும். "ஊருக்கு சூரியன் பொழுது வெடியவெக்கிது, இதுக்கு நான்தான் வெக்கணும்," என்பான் ஆனந்தன். கம்பம் தன் கடிகாரத்தில் நாள் குறித்து அனுப்புகிற அளவுகளை நாள்வாரியாகப் பிரித்துப் பெட்டி தனக்குள் வைத்துக்கொள்ளும். முள், அன்றைய நாளுக்கு உரிய அளவை எடுத்துக் காட்டும். அன்று எந்த நாள் என்பதை மட்டும் அது மனிதனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வருஷத்துக்கு ஒருதரம், ஐப்பசி மழை வலுக்குமுன் ஆனந்தன் மேல்காட்டுக்குப் போய்க் குழாயில் அடைத்திருக்கிற இலையையும் சேற்றையும் எடுப்பான். அங்கே போன் எடுக்காது. வேலை முடிந்ததும் மிதவையைக் கையால் மூன்றுதரம் தூக்கித் தூக்கி விடுவான். ஊரில் முள் மூன்றுதரம் சிவப்புக்குத் தாவித் திரும்பும். சங்கு மூன்றுதரம் விட்டுவிட்டுக் கத்தும். "ஆனந்தன் கெளம்பிட்டான், மங்கம்மா, சோத்த எடுத்து வையி" என்று பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். இலையை எடுத்தவுடன் முள் முன்னிருந்த இடத்தைவிட ஒரு நூல் இறங்கி நிற்கும். அதையும் அவள் கவனித்திருக்கிறாள்.

ஊரடங்கு வந்த வருஷம் அவன் அப்படிப் போய்விட்டு நடுங்கிக்கொண்டே திரும்பினான். அன்று மழையில்லை; தண்ணீர்தான் ஐஸாக இருந்தது என்றான். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. கார்த்திகை பிறந்த சில நாளில் போளூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச்சேர்ந்தான். அறக்கட்டளையின் பொறியாளர் அதற்கு முன்பே வேறு வேலைக்கு வெளிநாடு போயிருந்தார். யாரும் மங்கம்மாளை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாவு விழுந்த வீட்டில் திதி வருகிறவரை பண்டிகை இல்லை. பொங்கல் பானை ஏறாது, வாசலில் கோலம் விழாது. "அந்த வூட்டுக்கு இன்னும் வருஷம் பொறக்கல" என்று மலையில் சொல்வார்கள். மற்ற வீடுகளில் காலம் போகும். அந்த வீட்டில் நிற்கும். இதை மூடத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் துக்கத்துக்கு ஓர் எல்லை போட்டுக் கொடுத்த வழக்கம் அது. எல்லைக்கு உள்ளே என்னவெல்லாம் நடக்கும் என்பது போட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது.

போகிக்கு முதல்நாள் காலை. ஊரில் பழைய பாயும் முறமும் மறுநாள் கொளுத்துவதற்காகத் தெருவில் குவிந்துகொண்டிருந்தன. மங்கம்மாள் பெட்டியைத் திறந்து தேதியை அடித்தாள். வட்டம் வரவில்லை. முள் இல்லை. வட்டம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறுங்கட்டம்.

போளூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ராஜேஷுக்குப் போன் போட்டாள். பெட்டி கெட்டால் அவனிடம்தான் போகும்.

"அக்கா, அது செத்துப்போச்சுக்கா."

"இன்னா சொல்ற? நேத்துகூட நல்லா ஆடினு இருந்துச்சே."

"நேத்து வரிக்கும்தான் அதுக்கு ஆயுசு. அந்த முள்ள ஆட்டுறதுக்கு ஃப்ளாஷுன்னு ஒண்ணு இருந்துச்சு. நான் ஸ்கூல் படிக்கசொல்ல அது இல்லாத கம்ப்யூட்டரே கெடையாதுக்கா. கேமு, பாட்டு, கார்ட்டூனு, கல்யாண ஆல்பம் எல்லாம் அதுலதான். நானே கிளாஸ் போய்க் கத்துக்கினேன். பட்டாம்பூச்சி ஒண்ணு பறந்து வந்து மாப்ள பொண்ணு பேரு மேல குந்தும். அத செஞ்சு காட்டித்தான் கடைக்கே ஆளு புடிச்சேன்."

"உன் பட்டாம்பூச்சி கெடக்கட்டும். இது ஏன் செத்துச்சு?"

"டச்சு போனு வந்துச்சு இல்ல? பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன், என் போன்ல இதுக்கு எடமே இல்லன்னுட்டான். அப்பால, இதுல ஓட்ட நெறைய, திருடன் பூந்துடறான்னு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. கடைசியில பெத்த கம்பெனியே நாள் குறிச்சிடுச்சு. ரெண்டாயிரத்து இருபதோட சரின்னு. மூணு வருஷத்துக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க."

"யாருக்குச் சொன்னாங்க? எங்களுக்கு யாரும் சொல்லலியே."

ராஜேஷ் சிரித்தான். "கீழ்நெல்லிப்பட்டுக்கு வந்து தமுக்கு அடிப்பாங்களாக்கா?"

"சரி, அவங்க குறிச்ச நாளு இந்தப் பெட்டிக்கு எப்டித் தெரிஞ்சுது? இதுக்குத்தான் நெட்டே கெடையாதே."

"உள்ளயே வெச்சு அனுப்பிட்டாங்கக்கா. போன ஆவணியில அண்ணன் பெட்டிய ரிப்பேருக்குக் கொண்டாந்தாரு இல்ல? நல்லதுன்னு நெனச்சு புதுசு போட்டுக் குடுத்தேன். அந்தப் புதுசுக்குள்ளதான் நாளு இருந்துச்சு. பழசாவே உட்டிருந்தா அது பாட்டுக்கு ஓடினு இருந்திருக்கும்."

மங்கம்மாளுக்கு ஆவணியில் ஆனந்தன் பெட்டியைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தது கண்முன் நின்றது. அப்போது அவன் உடம்புக்குள்ளும் ஒரு நாள் குறித்து வைத்திருந்ததோ என்னவோ.

"இப்ப இன்னாடா பண்றது? பொங்கலுக்கு சனம் போய்ட்டு வருமே. முள்ளு இல்லன்னா எவன எது அடிச்சுனு போவும்னு யாருக்குத் தெரியும்?"

"தற்காலிகமா ஒரு வழி இருக்குதுக்கா. இங்க நெறைய பேருக்கு அப்டித்தான் சொல்லினு இருக்கேன். தேதியப் பின்னால வெச்சுடுங்க. டிசம்பர்ல ஏதோ ஒரு நாளப் போடுங்க. அதுக்கு இன்னும் சாவு வரலன்னு நெனச்சுனு ஓடும். பொங்கல் கழிச்சு நான் மேல வந்து வேற மாதிரி செஞ்சு தர்றேன்."

போனை வைத்துவிட்டுத் தேதிக் கட்டத்துக்குப் போனாள். டிசம்பர் என்றால் ஆனந்தன் செத்த பிறகு வந்த மாதம். அதில் எந்த நாளையும் திரும்ப அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அதோடு, மாதமும் தேதியும் மாறினால் அவளுக்கே குழம்பிப்போகும். அன்றைய தேதியையும் மாதத்தையும் அப்படியே அடித்தாள். வருஷத்தை மட்டும் ஒன்று குறைத்தாள். அவள் வீட்டைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. இன்னும் வருஷம் பிறக்காத வீடுதானே.

வட்டம் வந்தது. முள் சிலிர்த்து எழுந்து பச்சையில் நின்று மெல்ல ஆடியது. மங்கம்மாள் கும்பிட்டாள்.

அவள் கும்பிட்டது போன வருஷத்துத் தண்ணீரை. நாளைப் பார்த்து அளவை எடுக்கிற பெட்டி, அவள் சொன்ன நாளைத் தேடிப்போய், ஓராண்டுக்கு முன்னால் ஓடிக் கடலுக்குப் போய்விட்ட தண்ணீரின் அளவை எடுத்து முள்ளுக்குக் கொடுத்தது. அன்று ஓடையில் உண்மையாக ஓடியது என்ன என்பதும் உள்ளே சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ராஜேஷ் தை மாதம் வரவில்லை. மாசியில் கடைக்கு வேலை, பிறகு திரும்பவும் ஊரடங்கு. மங்கம்மாளும் வற்புறுத்தவில்லை, முள்தான் ஆடுகிறதே. அதில் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. ஒரு வருஷத்துக் கோடையும் அடுத்த வருஷத்துக் கோடையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சித்திரையில் ஓடை வறண்டது. முள்ளும் அடியில் படுத்தது. ஆடியில் கொஞ்சம் தண்ணீர் வந்தது; முள்ளும் கொஞ்சம் எழுந்தது. ஒருநாள் சொட்டு மழையில்லாமல் முள் மஞ்சளுக்குப் போனது. ஜீப்பு ஓட்டுகிற சின்னராஜ் பாலத்தைப் பார்த்துவிட்டு அறை வாசலுக்கே வந்து நின்றான்.

"அக்கா, மஞ்சள்ன்னு சொல்ற. அங்க எருமகூட குளிக்க முடியாது. பெட்டிக்கு ஜன்னியா?"

"மேல பேஞ்சிருக்கும்டா. பொறு, வரும்."

பொறுத்தான், வரவில்லை. "மேல பேஞ்சது மேலயே வத்திடுச்சு" என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு தாண்டிப் போனான். ஓடையின் சூதுக்குப் பழகிய ஊர் அது. கண்ணால் காண்பதை நம்பாதே, முள்ளை நம்பு என்பதை ஒரு ஜீப்பு ஆட்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள். பொய்க்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. காலையில் தேதியை அடிக்கும்போது மங்கம்மாளின் விரல் நின்று நின்று போயிற்று. இந்தப் பெட்டியின் கணக்கில் ஆனந்தன் இன்னும் உயிரோடு இருந்தான். ஒவ்வொரு காலையும் அவளே தன் கையால் அவனை அந்தக் கார்த்திகைக்கு ஒருநாள் கிட்டே தள்ளிக்கொண்டிருந்தாள். நாளை அடிக்காமல் விட்டால் என்ன என்று ஒருமுறை தோன்றியது. அடிக்காவிட்டால் முள் வராது. முள் வராவிட்டால் ஜீப்பு நிற்கும். திதி முடிந்து வருஷம் பிறந்துவிட்டால் ராஜேஷை எப்படியாவது வரவழைத்துச் சரிசெய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இலை எடுக்க மேல்காட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி ஊராட்சியில் இரண்டுமுறை கேட்டாள். மழை நிற்கட்டும் என்றார்கள்.

மழை நிற்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் வானம் ஒட்டுமொத்தமாகத் திறந்துகொண்டது. பள்ளிக்கூடம் கல்லூரிக்கெல்லாம் மழை லீவு விட்டார்கள். போளூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற நதியா, சின்னராஜ் ஜீப்பில் வருவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பிற்பகலில் மலையடிவாரத்திலிருந்து சின்னராஜின் போன் வந்தது. மேலே ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். அதனால் எப்போதும் அங்கே நின்றுதான் கேட்பான்.

"அக்கா, முள்ளு எங்க நிக்குது?"

"பச்சையிலதான்."

"இன்னாக்கா, வானமே ஓட்டையா ஊத்துது, பச்சையா? நல்லாப் பாரு."

மங்கம்மாள் நன்றாகப் பார்த்தாள். பச்சையின் நடுவில் முள் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது. "பச்சைதான்டா. இங்கதான் கொட்டுது, மேல இல்லபோல."

நதியா போனைப் பிடுங்கினாள். "மா, பசிக்குது. இன்னா கொழம்பு?"

"மொச்சக்கொட்ட. சீக்கிரம் வந்து சேரு. தல ஈரத்தோட குந்தினு இருக்காத."

"அண்ணன் ஜீப்புல தார்ப்பாயே கெடையாதும்மா. இது ஜீப்பு இல்ல, சல்லடை."

"ஏறி குந்திட்டு ஏளனமா? எறங்கி நடந்து போ," என்று சின்னராஜ் கத்தியது பின்னால் கேட்டது. சிரிப்போடு போன் அறுந்தது.

அவர்கள் பாலத்துக்கு வந்துசேர அரை மணி நேரமாவது ஆகும். கால் மணி நேரம் கழித்து மங்கம்மாள் தூக்கைத் திறந்து சோறு சூடாக இருக்கிறதா என்று பார்த்தாள். அப்போதுதான் சங்கு ஊதியது.

நீளமாக இல்லை. ஒரு கத்தல், நின்றது. இன்னொன்று, நின்றது. மூன்றாவது.

அவள் கை தன்னால் தூக்கின் மூடிக்குப் போனது. எத்தனையோ வருஷப் பழக்கம். மூடியை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். முள் சிவப்பிலிருந்து இறங்கி வந்து நின்றது. முன்னிருந்த இடத்தைவிட ஒரு நூல் கீழே.

இந்த மழையில் மேல்காட்டில் யார்? ஊராட்சியிலிருந்து யாரும் போகவில்லை. போனாலும் மூன்றுதரம் தூக்குகிறவன் உலகத்தில் ஒருவன்தான். அடுத்த வீட்டு வாசலிலிருந்து யாரோ மழைக்குள் குரல் கொடுத்தார்கள்: "மங்கம்மா, இன்னா அது? ஆனந்தன் ஊதறமாதிரி கீதே!" திதி கிட்டே வந்துவிட்டது. கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் போன வருஷத்து இதே நாள் வந்தது. இதே அறை. வெளியே மழையில்லை. சங்கு மூன்றுதரம். முள் ஒரு நூல் இறங்கியது. அவள் சோற்றைப் பிசைந்து வைத்தாள். அவன் நடுங்கிக்கொண்டே வந்தான்.

கண்ணைத் திறந்து திரையின் மூலையைப் பார்த்தாள். அவளே காலையில் அடித்த வருஷம் அங்கே இருந்தது.

இது இன்றைய முள் இல்லை. அவன் அன்றைக்குத் தூக்கியதுதான் இப்போது தூங்கி எழுந்து ஆடுகிறது. அப்படியானால் இந்தப் பச்சை? இத்தனை மாதமாக ஊருக்குச் சொன்ன பச்சைகள்? அதையெல்லாம் யோசிக்க அவள் நிற்கவில்லை. சின்னராஜுக்குப் போட்டாள். நதியாவுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. வருஷத்தைச் சரியாக அடித்தால் மட்டும் என்ன வரும்? சாம்பல் கட்டம்தான் வரும். கம்பத்தில் இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல உலகத்தில் எதுவும் இல்லை.

சிவப்பாக ஏதாவது வேண்டும் என்று கண் தேடியது. உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓடைக்கு மண்சாலை இறக்கம். இரண்டிடத்தில் வழுக்கி விழுந்தாள். பாலத்தின் மேல் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே செந்நிறத் தண்ணீர், பார்ப்பதற்குச் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சை என்று தெரிந்தவன் தயங்காமல் இறங்குவான். ஆனால் மேலே, வளைவுக்கு அந்தப்பக்கம், கல்லோடு கல் மோதுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு சந்தை நிறையப் பானைகளை யாரோ உருட்டிவிட்ட மாதிரி.

எதிர்க்கரையில் முகப்பு விளக்கு திரும்பியது. ஜீப்பு.

மங்கம்மாள் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். "வராத! வராதடா!" மழை அவள் குரலை அவள் வாயிலேயே அமுக்கியது. ஜீப்பு நிற்கவில்லை. வா வா என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்ததாகச் சின்னராஜ் பின்னால் சொன்னான். அவள் முன்பு ஒருபோதும் பாலத்துக்கு வந்து நின்றதில்லை. மகளைப் பார்க்கிற அவசரம் என்று எண்ணினானாம். முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது.

அவள் பாலத்தில் இரண்டடி இறங்கி, நாற்காலியை முழு பலத்தோடு தண்ணீரில் எறிந்தாள். சாதுவாகத் தெரிந்த தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொண்டது. நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி, பாலத்தின் ஓரத்தைத் தாண்டி விழுந்து, கீழே இரண்டு பாறைக்கு நடுவில் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

ஜீப்புக்குள் நதியா அதைப் பார்த்தாள். "அண்ணா, அது அப்பா சேரு! நிறுத்து!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி உறுமிக்கொண்டு பின்னால் ஏறியது. பின்சக்கரம் மேட்டைத் தொட்டதா இல்லையா என்பதற்குள் வளைவிலிருந்து அது வந்தது. மரமும் கல்லும் சேறுமாக, ஆள் உயரத்துக்கு. பாறைகள் மறைந்தன. நாற்காலி இருந்த இடம் மறைந்தது. பாலம் மறைந்தது. நடுவில் அகலமாக ஒரு சிவப்பு இரைச்சல் மட்டும் இருந்தது. அதன் இரு கரையிலும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயசைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொல்லும் கடக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு நதியா ஊர் வந்துசேர்ந்தாள். கூடவே ராஜேஷும் வந்தான். மேல்காட்டில் கம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழிதான். அவன் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, முள்ளை விட்டுவிட்டு உள்ளே சேர்ந்திருந்த அளவுகளைத் தேடி எடுத்தான். எல்லாம் இருந்தன. இந்த வருஷத்து ஓடை நாள் தவறாமல் உள்ளே ஓடியிருந்தது. வெள்ளம் வந்த பிற்பகலில் அளவு விறுவிறுவென்று ஏறி, ஓரிடத்தில் திடீரென்று அறுந்திருந்தது. கம்பம் பெயர்ந்த நேரம் அது. சின்னராஜ் அடிவாரத்திலிருந்து போன் செய்தபோதே அது சிவப்பைத் தாண்டியிருந்தது.

"பெட்டிக்குத் தெரிஞ்சிருக்குதுக்கா," என்றான் ராஜேஷ்.

"நான்தான் கேக்கல." மங்கம்மாள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "முள்ளு ஆடுச்சு. ஆடுற முள்ளப் பாத்துட்டு எவன் தேதியப் பாப்பான்?"

நதியா தாயின் தோளில் கையை வைத்தாள். "மா, உடு. இன்னிக்கு வருஷத்த நான் போடறேன்."

"வேணாம். நானே போடறேன்."

திதிக்கு இன்னும் நாள் இருந்தது. வழக்கப்படி அந்த வீட்டுக்கு வருஷம் பிறக்கவில்லை. மங்கம்மாள் குனிந்து தேதியை அடித்தாள், மாதத்தை அடித்தாள், வருஷத்தைச் சரியாக அடித்தாள். ஆடிக்கொண்டிருந்த முள் போயிற்று. சாம்பல் கட்டம் வந்தது. போன வருஷத்தில் ஆனந்தனுக்கு மிச்சமிருந்த சில நாட்களும் அதோடு மூடிக்கொண்டன. அவள் அழவில்லை. வெளியே மழை திரும்பவும் பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

"ராஜேஷு," என்றாள் திரும்பாமல். "அன்னிக்கு போன்ல ஒண்ணு சொன்ன. நெறைய பேருக்கு இப்டித்தான் சொல்லினு இருக்கேன்னு."

"ஆமாக்கா. அந்த மாசம் பூரா அதே போனுதான்."

"யாரு யாருக்கு?"

"நெனப்பு இருந்தாத்தானே." அவன் நெற்றியைத் தேய்த்தான். "ஒரு ஸ்கூலு. ஒரு போட்டோ ஸ்டுடியோ. ரைஸ் மில்லு ஒண்ணு. அவங்களுக்கெல்லாம் சும்மா பாடம், படம்... அதுல ஒண்ணும் ஆவாது. அப்பால..."

நிறுத்தினான். முகத்தில் இருந்த நிறம் மெதுவாக வடிவதை நதியா பார்த்தாள்.

"அப்பால யாரு?"

"கீழ ஒரு ஏரிக்கா. மதகு ரூம்ல ஒரு பெட்டி. இதே மாதிரி ஒரு வட்டம் போட்டு... காவலுக்கு இருக்கிற பெரியவரு போன் பண்ணாரு. தேதியப் பின்னால வெச்சுடுங்க, தாத்தான்னு நான்தான் சொன்னேன்."

மூன்று பேரும் கூரைமேல் விழுகிற மழையைக் கேட்டார்கள். இந்த மலையில் பெய்கிறதெல்லாம் இறங்கிக் கீழே ஏரிகளுக்குத்தான் போகிறது.

ராஜேஷ் போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக வாசலுக்கு ஓடினான். மங்கம்மாள் குடையை எடுத்தாள். பாலத்துக்குப் போய் நிற்கவேண்டும், இனி தண்ணீரைப் பார்த்துச் சொல்ல வேறு வழி இல்லை. அவள் தாண்டிப் போகும்போது அவன் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப்பக்கம் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது.